டீசல் பில்லில் இருக்கிறது கார்பன் கணக்கு

தியாகராய நகரில் சீருடை தைத்துக் கொடுக்கும் தொழில் நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சொந்தமாக மூன்று டீசல் வண்டிகள். பள்ளி திறக்கும் சீசனில் வாடகை வண்டியும் பிடித்துக்கொள்கிறார். துணி ஈரோட்டிலிருந்தும் சூரத்திலிருந்தும் பார்சலில் வருகிறது. தைத்த சீருடை கிண்டி, பழைய மகாபலிபுரம் சாலை, ஸ்ரீபெரும்புதூர் என்று கம்பெனிகளுக்குப் போகிறது. அந்தக் கம்பெனிகளில் ஒன்று, "உங்கள் போக்குவரத்தில் ஆண்டுக்கு எத்தனை டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது?" என்று கேட்டு ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. எங்கே தொடங்குவது, சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா, வண்டிகளின் புகைச் சான்றிதழை இணைத்துவிட்டால் போதாதா என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போதாது. புகைச் சான்றிதழுக்காக டீசல் வண்டியைச் சோதிக்கும்போது சைலன்ஸரில் குழாயைச் செருகி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லி, புகை எவ்வளவு அடர்த்தி என்றுதான் பார்க்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. கரும்புகையே விடாத புத்தம் புது வண்டியும் அதைக் கக்கிக்கொண்டுதான் ஓடும். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பி.எஸ்.-6 வண்டிகளும் அப்படித்தான். அந்த விதி கட்டுப்படுத்தியது கரித்துகளையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும். உஸ்மான் சாலையில் நாளெல்லாம் நிற்கும் பூக்காரரின் நுரையீரலுக்கு அது பெரிய நன்மை. ஆனால் எரித்த டீசலிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்க அதில் எந்த வழியும் இல்லை. டீசல் எரிந்தால் அது வந்தே தீரும். அதனால்தான் அதைக் கருவி வைத்து அளக்க வேண்டிய தேவையும் இல்லை. எத்தனை லிட்டர் எரிந்தது என்று தெரிந்தால் போதும்.

ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 830 கிராம். அதில் ஏறக்குறைய 86 சதவீதம் கார்பன், அதாவது 700 கிராமுக்குச் சற்று மேல். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களை இழுத்துக்கொள்கிறது. 12 கிராம் கார்பன் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகிறது. எடை மூன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. 830 கிராம் டீசல் எப்படி இரண்டரைக் கிலோவுக்கு மேல் வாயு தரும் என்று சந்தேகப்படுபவர்களுக்கு இதுதான் விடை. கூடுதல் எடை முழுவதும் காற்றிலிருந்து வந்தது. ஐ.நா.வின் காலநிலை அறிஞர் குழுவான ஐ.பி.சி.சி. தரும் அளவுகளை வைத்துக் கணக்கிட்டால் லிட்டருக்கு 2.68 கிலோ வருகிறது. இந்த ஒரு எண்ணைக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆண்டு முழுவதும் அதையே பயன்படுத்துங்கள்.

இணையத்தில் தேடினால் 2.5 என்றும் 3.2 என்றும் வேறு எண்கள் கிடைக்கும். அவையும் தவறல்ல, வேறு கேள்விகளுக்கான விடைகள். பிரிட்டன் அரசு வெளியிடும் எண் குறைவாக இருக்கக் காரணம், அந்நாட்டு பங்க்குகளில் விற்கும் டீசலில் கணிசமான அளவு பயோடீசல் கலந்திருக்கிறது. இந்தியாவில் 2030-க்குள் 5 சதவீதம் கலப்பது என்பது 2018 உயிரி எரிபொருள் கொள்கையின் இலக்கு; இப்போது கலப்பது மிகச் சொற்பம். ஆகவே பிரிட்டன் எண்ணை இங்கே போட்டால் உங்கள் கணக்கு காரணமில்லாமல் இளைத்துவிடும். 3.2-ஐ ஒட்டிய எண்ணில் கச்சா எண்ணெயைத் தோண்டி, கப்பலில் ஏற்றி, சுத்திகரித்து, பங்க் வரை கொண்டுவந்ததில் வெளியான கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்திருக்கும். கம்பெனி எதைக் கேட்கிறது என்று ஒரு மின்னஞ்சலில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: வண்டியில் எரிந்தது மட்டுமா, கிணற்றிலிருந்து சக்கரம் வரை முழுவதுமா? அதைக் கேட்காமல் அனுப்பும் எண்ணுக்கு மதிப்பில்லை.

இப்போது லிட்டரைப் பிடிக்கும் வேலை. பெரும்பாலான கடைகளில் டீசல் செலவு ரூபாயில்தான் எழுதப்பட்டிருக்கும்: "டீசல் – 2,000". கார்பன் கணக்குக்கு இது உதவாது. விலை ஊருக்கு ஊர், மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சென்னையில் போட்ட 2,000 ரூபாய் டீசலும் புதுச்சேரியில் போட்ட 2,000 ரூபாய் டீசலும் ஒரே லிட்டர் அல்ல. இன்றே டிரைவர்களிடம் சொல்லிவிடுங்கள். ரூபாய் சொல்லி டீசல் போட வேண்டாம், ஃபுல் டேங்க் போடட்டும். நாஸில் தானாக முதல் முறை 'டக்' என்று நிற்கும் இடத்தோடு நிறுத்தட்டும். அதற்கு மேல் கழுத்து வரை நிரப்பச் சொல்ல வேண்டாம். பில்லில் லிட்டர், வண்டி எண், தேதி மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும். பில்லை டேஷ்போர்டில் மீட்டர் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்து, கிலோமீட்டர் ரீடிங்கும் பில்லும் ஒரே படத்தில் விழும்படி போனில் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும்.

இந்தப் படம் எடுப்பதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பங்க் பில் வெப்பத்தில் அச்சாகும் தாள். சித்திரை வெயிலில் டேஷ்போர்டில் கிடந்தால் எழுத்து மங்கி, சில வாரங்களில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். ஆண்டு முடிவில் ஒரு கவர் நிறைய வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் வண்டி உரிமையாளர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். படம் இருந்தால் அந்தக் கவலை இல்லை.

ஒரு ஃபுல் டேங்கிலிருந்து அடுத்த ஃபுல் டேங்க் வரை ஓடிய கிலோமீட்டரும், இரண்டாவது முறை பிடித்த லிட்டரும்தான் உங்கள் கணக்கின் அடிப்படை. வண்டி 418 கி.மீ. ஓடி, 38 லிட்டர் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். மைலேஜ் 11. வெளியான கார்பன் டை ஆக்சைடு 38-ஐ 2.68-ஆல் பெருக்கினால் 102 கிலோ, கிலோமீட்டருக்கு 244 கிராம். ஒரு தடவை டேங்க் ஒரு லிட்டர் குறைவாக நிரம்பியிருக்கலாம். அது அடுத்த முறை தானே சரியாகிவிடும், பிழை சேர்ந்துகொண்டே போகாது. இந்த முறையை நான் நம்புவது அதனால்தான். மூன்று வண்டிகளும் சேர்ந்து ஆண்டுக்கு 6,000 லிட்டர் குடித்தால் 16 டன். சொந்த வண்டிகளுக்குப் படிவத்தில் எழுத வேண்டிய எண் அதுதான். இதற்கு சாஃப்ட்வேர் வேண்டாம். மூன்று வண்டிக்கு ஒரு எக்செல் தாள் தாராளம். வண்டிகள் ஐம்பதைத் தாண்டும்போது ஜி.பி.எஸ். கருவி, எரிபொருள் கார்டு பற்றி யோசிக்கலாம்.

வண்டி கம்பெனியின் விளம்பரத் தாளில் உள்ள மைலேஜை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது சோதனைக்கூடத்தில் எடுத்த அளவு. தாளில் 20 என்று இருந்து, உங்கள் வண்டி பனகல் பூங்காவைச் சுற்றி, கோடம்பாக்கம் பாலம் ஏறி இறங்கி 11 கொடுத்தால், தாளை நம்பிய கணக்கு உண்மையில் பாதிக்குச் சற்று மேல்தான் காட்டும். மெட்ரோ ரயில் வேலைக்காகச் சாலைகள் திருப்பிவிடப்பட்ட மாதங்களில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும்.

டீசல் வேறு வழியிலும் கடைக்குள் வருகிறது. கரண்ட் போனால் ஓடும் ஜெனரேட்டருக்கு அதே பங்க்கில் கேனில் வாங்குகிறோம். பல சமயம் வண்டி எண் போட்ட அதே பில்லிலேயே அதுவும் ஏறிவிடும். அப்புறம் வண்டியின் மைலேஜ் திடீரென்று 8-க்கு இறங்கியதாகத் தெரியும், பாவம் டிரைவர் மேல் சந்தேகம் விழும். கேனுக்குத் தனி பில் வாங்குங்கள், தனிப் பத்தியில் எழுதுங்கள். ஜெனரேட்டர் டீசலும் கார்பன் டை ஆக்சைடு தரும், அதே 2.68-தான். ஆனால் அது போக்குவரத்து அல்ல. பி.எஸ்.-6 வண்டிகள் சிலவற்றுக்கு ஊற்றும் யூரியா திரவத்தை டீசல் லிட்டரோடு சேர்த்துவிடும் தவறும் நடக்கிறது. அது எரிபொருளே அல்ல.

சொந்த வண்டியில் எரிந்தது உங்கள் நேரடிக் கணக்கு. வாடகை வண்டியிலும் பார்சல் லாரியிலும் எரிந்தது மறைமுகக் கணக்கு. படிவத்தில் இவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். ஸ்கோப் 1, ஸ்கோப் 3 என்று போட்டிருந்தால் முறையே இவைதான். லாரிக்காரர் தன் கணக்கில் அதே டீசலை எழுதுவாரே, இரட்டைக் கணக்கு ஆகாதா என்று கேட்கலாம். அவருக்கு அது நேரடி, உங்களுக்கு மறைமுகம். முறையே அப்படி வகுக்கப்பட்டதுதான்.

பார்சல் லாரியின் டீசல் பில்லை யாரும் உங்களிடம் தரப்போவதில்லை. ஆனால் தேவையான இரண்டு விவரங்கள் ஏற்கெனவே உங்கள் மேசையில் இருக்கின்றன. பார்சல் ஆபீஸ் தரும் எல்.ஆர். ரசீதில் எடை இருக்கிறது. ஈ-வே பில்லில் தூரம் இருக்கிறது. வெளிமாநிலச் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் ஈ-வே பில் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் வரம்பு ஒரு லட்சம். சூரத் சரக்குக்கு அநேகமாக எப்போதும் இருக்கும், ஈரோட்டுச் சிறு பார்சலுக்குச் சில சமயம் இருக்காது. அப்போது தூரத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ஈரோட்டிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 400 கி.மீ. பத்து டன் சுமையோடு லாரி லிட்டருக்கு 4 கி.மீ. கொடுக்கிறது என்று வைத்தால் 100 லிட்டர், 268 கிலோ. உங்கள் பேல்கள் அரை டன் என்றால் இருபதில் ஒரு பங்கு உங்களுடையது, 13.4 கிலோ. திரும்பும்போது லாரி வேறு லோடு ஏற்றிக்கொண்டு போனால் அந்தப் பயணம் உங்களைச் சேராது. காலியாகப் போனால் அதிலும் உங்களுக்குப் பங்கு உண்டு. 2023-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 14083 தரநிலை, காலிப் பயணத்தை விட்டுவிடக் கூடாது என்றே சொல்கிறது.

அடுத்து நடப்பதை உன்னிப்பாகப் பாருங்கள். சவுகார்பேட்டைப் பக்கம் இறங்கிய அதே அரை டன்னை எடுத்துவர உங்கள் குட்டி யானை வண்டி தி.நகரிலிருந்து புறப்படுகிறது. போகவர 20 கி.மீ. நெரிசலில் 13 மைலேஜ் கொடுத்தால் ஒன்றரை லிட்டர், 4 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நானூறு கிலோமீட்டருக்கு 13 கிலோ. ஊருக்குள் பத்து கிலோமீட்டர் கொண்டுவர 4 கிலோ. ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் நகர்த்துவதற்கு லாரி 67 கிராம் வெளியிட்டால், உங்கள் வண்டி 800 கிராமைத் தாண்டுகிறது. பன்னிரண்டு மடங்கு. நெடுஞ்சாலை லாரிதான் பெரிய பாவி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தங்கள் எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். சிறிய வண்டி, பாதி லோடு, காலியாக ஒரு வழிப் பயணம், சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புவது எல்லாம் சேர்ந்து ஊருக்குள் ஓடும் கடைசிப் பத்து கிலோமீட்டரை இவ்வளவு கனமாக்கிவிடுகின்றன.

இந்த எண்ணுக்காகத்தான் கணக்கே எழுதச் சொல்கிறேன். படிவம் நிரப்புவது இரண்டாம்பட்சம். கணக்கு கையில் இருந்தால் எங்கே குறைக்கலாம் என்பது தெரியும். லாரி உங்கள் கையில் இல்லை, குட்டி யானை உங்கள் கையில் இருக்கிறது. காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை என்று இரண்டு நடையாக எடுத்துவரும் சரக்கை ஒரே நடையாக்கினால் பேலுக்கு விழும் கார்பன் பாதியாகிவிடும். பார்சல் ஆபீஸ் போகும் வண்டி காலியாகப் போகாமல், அந்தப் பக்கம் டெலிவரி இருக்கும் நாளாகப் பார்த்துப் போகட்டும்.

அதைவிட முக்கியம் நேரம். பாண்டி பஜார் 2019-இல் நடைபாதை வளாகமான பிறகு, கடை வாசலில் வண்டியை நிறுத்தி இறக்குவது அங்கே நடக்காத காரியம். பின்தெருவில் இடம் காலியாகும்வரை டிரைவர் காத்திருக்கிறார். போலீஸ்காரர் நகர்த்தச் சொன்னால் உடனே நகர வேண்டும் என்பதால் இன்ஜினை அணைக்காமல் வைத்திருக்கிறார். சிறிய டீசல் இன்ஜின் நின்றபடியே மணிக்கு அரை லிட்டரை ஒட்டிக் குடிக்கும், வண்டிக்கு வண்டி மாறும். நாளுக்கு ஒன்றரை மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் கிட்டத்தட்ட 20 லிட்டர். ஒரு அங்குலம்கூட நகராமல் 50 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடும், சுமார் 1,800 ரூபாயும். இரண்டு வாரம் காலை ஏழு மணிக்கு லோடு இறக்கிப் பாருங்கள், அடுத்த இரண்டு வாரம் வழக்கம்போல் பதினொரு மணிக்கு. வண்டியும் ரூட்டும் மாற வேண்டாம். ஃபுல் டேங்க் கணக்கு எந்த வாதமும் இல்லாமல் விடையைச் சொல்லிவிடும். லோடுமேன்கள் விடியற்காலையில் வர வேண்டியிருப்பதால் கூலியைக் கூட்டிக் கேட்பார்கள். நியாயம்தான், மிச்சமாகும் டீசலில் அதற்கு இடமிருக்கிறதா என்று அதே தாளில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது என்றால் 373 லிட்டர் டீசல் எரியவில்லை என்று பொருள். 2025-இல் சென்னையில் லிட்டர் 92 ரூபாய்க்குச் சற்று மேல். டன்னுக்கு 34,000 ரூபாய். சுற்றுச்சூழல் எல்லாம் பெரிய கம்பெனிகளின் வேலை என்று சொல்லும் பங்குதாரருக்கு இந்த வரியைக் காட்டுங்கள்.

மின்சாரச் சரக்கு ஆட்டோ வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் இதே புத்தகத்தில் ஒப்பிட்டுக்கொள்ளலாம். இந்தியாவின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு விழுகிறது. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் எண்ணை வெளியிடுகிறது. 100 கி.மீ.க்கு 10 யூனிட் இழுக்கும் ஆட்டோ என்றால் 7 கிலோ. அதே தூரம் 13 மைலேஜ் டீசல் வண்டிக்கு 20 கிலோவுக்கு மேல். ஆனால் ஆட்டோ ஏற்றும் சுமை குறைவு. டீசல் வண்டியின் ஒரு நடைக்கு ஆட்டோ இரண்டு நடை அடித்தால் லாபம் சுருங்கும். கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் என்று ஒப்பிடாதீர்கள், டெலிவரி செய்த நூறு கிலோவுக்கு எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். யூனிட்டை வண்டியின் திரையிலிருந்து எடுக்காமல் சார்ஜ் போடும் இடத்தில் சப்-மீட்டர் வைத்து எடுங்கள், சார்ஜ் ஏறும்போது வீணாகும் மின்சாரமும் அதில்தான் தெரியும்.

படிவத்தில் ஊழியர்கள் வந்துபோகும் போக்குவரத்துக்கும் ஒரு கட்டம் இருக்கலாம். தி.நகர் கடை ஊழியர்களில் மிகப் பலர் மின்சார ரயிலிலும் மாநகரப் பேருந்திலும் வருகிறவர்கள். மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலம் 2023 மே மாதத்திலிருந்து இருக்கிறது. அந்தக் கட்டத்தில் விழும் எண் சிறியதாகவே இருக்கும். அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ளாமல் டீசலில் நேரத்தைச் செலவிடுங்கள்.

கம்பெனி ஏன் இதெல்லாம் கேட்கிறது என்று சலித்துக்கொள்ளவும் வேண்டாம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவற்றில் சந்தை மதிப்புப்படி முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயம் தாக்கல் செய்ய வேண்டும் என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. சப்ளையர்களின் கணக்கைக் காட்டுவது இன்னும் விருப்பத்தின் பேரில்தான். ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கேட்பதால் அந்த நிறுவனங்கள் உங்களைக் கேட்கின்றன. சென்னை மாநகரமும் 2023-இல் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டத்தில் 2050-க்குள் கார்பன் சமநிலை என்று இலக்கு வைத்திருக்கிறது. நாடு முழுவதும் ஆண்டுக்கு சுமார் 9 கோடி டன் டீசல் எரிகிறது. அதிலிருந்து 28 கோடி டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. அந்த 9 கோடி டன்னில் பெரும்பகுதி இப்படி ஒவ்வொரு வண்டியாக, ஒவ்வொரு டேங்க்காகப் போட்டதுதான்.

அனுப்பும்போது ஒரே தாளில் அனுப்புங்கள். மொத்த லிட்டர், பயன்படுத்திய 2.68 என்ற எண், அது எங்கிருந்து வந்தது, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்தெந்த வண்டி, பார்சல் லாரிக்கு எடுத்துக்கொண்ட அனுமானம். பில் தொலைந்த வாரங்கள் இருந்தால், அந்த வண்டியின் வழக்கமான மைலேஜை வைத்துப் போட்டது என்று அதிலேயே எழுதுங்கள். ஒளிக்காமல் எழுதிய அனுமானத்தை எந்தத் தணிக்கையாளரும் ஏற்றுக்கொள்வார். அடுத்த ஆண்டு ஒப்பிடும்போது ஆடித் தள்ளுபடி மாதத்தை ஆடி மாதத்தோடும், தீபாவளி மாதத்தைத் தீபாவளி மாதத்தோடும் ஒப்பிடுங்கள். ஐப்பசியைக் கார்த்திகையோடு ஒப்பிட்டுப் பாதியாகக் குறைத்துவிட்டோம் என்று எழுதினால் நம்ப ஆளில்லை.

இன்னும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கணக்கை எழுதுவது உண்மையில் உங்கள் டிரைவர். பங்க்கில் பில் வாங்கி, ரீடிங் படம் எடுத்து, இறக்கும் இடத்தில் இன்ஜினை அணைப்பவர் அவர்தான். மைலேஜ் குறைந்த மாதம் அவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பதற்கு முன், டயர் காற்றையும் ஏர் ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள். மைலேஜ் கூடிய மாதம், மிச்சமான டீசல் பணத்தில் ஒரு பங்கை பேட்டாவோடு சேர்த்து அவர் கையில் கொடுங்கள்.